இரண்டாவது அடி

ஒரே விபத்தில் அடிபட்ட இரண்டு பேர் கேசுவாலிட்டியில் வந்து இறங்கினால், எல்லாருடைய கண்ணும் ரத்தம் வழிகிறவரிடம்தான் போகும். மண்டைத்தோல் கிழிந்தால் ரத்தம் அப்படிக் கொட்டும். சட்டை, வேட்டி, ட்ராலி எல்லாம் நனைந்துவிடும். அவரும் "அய்யோ அம்மா" என்று கத்திக்கொண்டிருப்பார். பக்கத்து ட்ராலியில் பெரிதாக ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். "இவனுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், அசதியில தூங்குறான். மொதல்ல அவனப் பாருங்க" என்பார்கள் கூட வந்தவர்கள்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கத்துகிறவரைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. கத்துகிறார் என்றால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளை விழித்திருக்கிறது. அழுத்திக் கட்டுப் போட்டால் பெரும்பாலும் அந்த ரத்தம் நின்றுவிடும். எங்களை ஓட வைப்பது குறட்டைதான். நினைவில்லாதவருக்கு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும்; அந்தச் சத்தத்தைத்தான் தூக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் இரண்டு கையாலும் முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும். குறட்டை நிற்கும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

தலையில் அடிபட்டவருக்கு இரண்டு அடி உண்டு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் ஒரு மூத்த சிஸ்டர். முதல் அடி ரோட்டிலேயே விழுந்துவிடுகிறது. அந்த நொடியில் மூளைக்கு ஆனது ஆனதுதான், எந்த மருந்தும் அதைத் திருப்பாது. இரண்டாவது அடி அதற்குப் பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் விழுவது. உள்ளே ரத்தம் கசிந்து கட்டியாகும், மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து இடம் கொடுக்காது, அதனால் அழுத்தம் ஏறும். போதாக்குறைக்கு ஆக்சிஜன் குறைந்தாலோ பி.பி. இறங்கினாலோ காயம்பட்ட மூளை தாங்காது. கடுமையான தலைக்காயத்தில் மேல் பி.பி. 90க்குக் கீழே இறங்கினால் சாவுக்கான வாய்ப்பு இரட்டிக்கும் என்பது நரம்பியல் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் வேலை முழுவதும் இந்த இரண்டாவது அடியோடுதான்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இந்தத் துறையில் தமிழ்நாடு முன்னால் நின்ற மாநிலம். ஆனால் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் வண்டியிலிருந்து விழுந்தால், முதலில் அவர் தலைமாட்டில் நிற்பது நிபுணர் அல்ல. 108இல் வரும் டெக்னீஷியன், அப்புறம் ஒரு டியூட்டி டாக்டர், ஒரு சிஸ்டர், ட்ராலி தள்ளுகிறவர். இந்த நாலு பேருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில்தான் அவருடைய பாதி விதி இருக்கிறது.

நர்சிங் படிப்பில் தலைக்காயத்துக்கு ஒதுக்கியது சில பக்கங்கள். பரீட்சைக்கு ஜி.சி.எஸ். கட்டாயம் வரும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் நினைவு நிலையை அளக்க 1974இல் கொடுத்த அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எதுவுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு, அதற்குக் கீழே கிடையாது. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம், மூச்சுக்குழாயில் டியூப் போட யோசிக்க வேண்டும். இவ்வளவையும் எந்த மாணவியும் தூக்கத்தில்கூடச் சொல்வாள். படுத்திருக்கிறவர் முன்னால் நிறுத்தி "மார்க் போடு" என்றால் கை நடுங்கும்.

ஏன் என்று சொல்கிறேன். பேச்சுக்கு முழு மதிப்பெண் கொடுக்க, இது எந்த இடம், என்ன மாதம், என்ன வருடம் என்று கேட்கச் சொல்கிறது புத்தகம். எங்கள் பக்கத்துப் பாட்டியிடம் மாதம் கேட்டால் "ஆடி" என்பார். சரியான பதில். வருடம் கேட்டால் முழிப்பார். அடிபடுவதற்கு முந்தின நாள் கேட்டிருந்தாலும் அப்படித்தான் முழித்திருப்பார். அதற்காக அவருக்குக் குழப்பம் என்று ஒரு மதிப்பெண் குறைத்தால் யாருக்கு லாபம்? நான் கேட்பது வேறு. "எந்த ஊரு பாட்டி? மூத்த பேரன் பேரு என்ன? காலையில என்ன சாப்ட்ட? யாரு கூட்டியாந்தாங்க?" பதிலைக் கூட வந்தவரிடம் சரிபார்த்துக்கொள்வேன். பிறகு பார்த்தால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பையன்கள் சாரத்திலிருந்து விழுந்து வர ஆரம்பித்தார்கள். நம் தமிழ் அவர்களுக்குப் புரியாது, அவர்கள் சொல்வது நமக்குப் புரியாது. சரியாகத்தான் பேசியிருப்பான், சீட்டில் "சம்பந்தமில்லாத வார்த்தைகள்" என்று ஏறிவிடும். அவனுடைய மேஸ்திரியையோ கூட வேலை பார்க்கிறவனையோ போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு அவன் மொழியிலேயே கேட்கச் சொல்வோம். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது. ஆனால் இப்படிக் கேட்காமல் போட்ட மதிப்பெண் மதிப்பெண்ணே அல்ல.

அடுத்தது, வலி கொடுத்துப் பார்ப்பது. கூப்பிட்டும் கண் திறக்காதவருக்குக் கண்குழியின் மேல்விளிம்பில் கட்டைவிரலால் அழுத்துவோம், இல்லையென்றால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதையைப் பிடித்து அழுத்துவோம். கை அந்த இடத்தைத் தேடி வந்து தட்டிவிடுகிறதா, வெறுமனே மடங்குகிறதா, விறைத்து நீளுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டிவிட்டால் 5, விறைத்து நீண்டால் 2. இந்த வித்தியாசம் படித்து வருவதல்ல. பக்கத்தில் நின்று ஒருவர் "பாத்தியா, இது தேடி வருது, இது மடங்குது" என்று காட்டித்தான் வரும். இதற்குள் வெளியே ஜன்னல் வழியாகப் பார்க்கிற மனைவி, "அடிபட்டுக் கெடக்குற மனுசன ஏன் கிள்ளுறீங்க?" என்று சண்டைக்கு வந்துவிடுவார். அவரை உள்ளே கூப்பிட்டு, என்ன செய்கிறோம் என்று காட்டிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு அவரே ராத்திரி முழுக்க எங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண்.

அப்புறம் டார்ச். வந்த உடனே இரண்டு கண்மணியையும் பார்த்து எழுதிவிட வேண்டும். நேரம் போகப் போக இமை வீங்கி மூடிக்கொள்ளும், பிறகு விரலால் விலக்கிப் பார்ப்பதே பெரும்பாடு. முதலில் இரண்டும் ஒரே அளவாக இருந்து, பிறகு ஒன்று மட்டும் விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால், உள்ளே மூளை ஒரு பக்கம் நசுங்குகிறது என்று அர்த்தம். அப்போது எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, ஓட வேண்டும். பாழாய்ப்போன செல்போன் டார்ச் வந்த பிறகு வார்டு டார்ச்சுக்குப் பேட்டரி கேட்டு இண்டெண்ட் போடுவதையே விட்டுவிட்டார்கள். இது என் தனிப்பட்ட எரிச்சல், விடுங்கள்.

ஒரே ஒரு எண்ணை எழுதுவது எனக்குப் பிடிக்காது. "ஜி.சி.எஸ். 11" என்றால் என்ன? கண்ணில் குறைந்ததா, பேச்சிலா, கையிலா? மூன்றையும் தனித்தனியாக எழுதினால்தான் அடுத்த டியூட்டி சிஸ்டருக்கு எதில் இறங்குகிறது என்று தெரியும். டியூட்டி மாறும்போது மேஜையில் உட்கார்ந்து நோட்டை ஒப்படைக்காமல், போகிறவளும் வருகிறவளும் சேர்ந்து படுக்கை அருகே நின்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை நான் பிடிவாதமாக வைத்திருந்தேன். நீ 13 போட்டதை நான் 11 என்று பார்த்தால், நோயாளி இறங்கிவிட்டாரா அல்லது நாம் இரண்டு பேரும் வேறு வேறு விதமாக அளக்கிறோமா என்பது அங்கேயே தீர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

தலைக்காயம் ஏமாற்றுவதுபோல எந்தக் காயமும் ஏமாற்றாது. கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து சாயங்காலம் வந்தார். விழுந்தபோது கொஞ்ச நேரம் பேச்சுமூச்சில்லை, பிறகு தெளிந்துவிட்டது. தானாகவே நடந்து வந்தார், பேரைச் சொன்னார், காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் வீக்கம். வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றார். கூட வந்த மச்சான், "இட்லி வாங்கிக் கொடுத்தேன், நல்லா சாப்ட்டாரு" என்றார். உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்று படுக்க வைத்தோம். சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். தலை வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. "வலி விட்டுடுச்சு போல, தூங்குறாரு" என்றார் மச்சான். எழுப்பினால் கண்ணைத் திறந்து எரிச்சலாக ஏதோ முனகிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். நாடித்துடிப்பு குறைந்திருந்தது, பி.பி. ஏறியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறி நாடி இறங்குவது மண்டைக்குள் அழுத்தம் மிஞ்சிவிட்டதன் அடையாளம். காதுக்கு மேலே எலும்பு மெல்லியது. அதன் உட்பக்கமாக ஓடுகிற தமனி கிழிந்தால் எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவில் ரத்தம் சேரும். நடுவில் ஒரு தெளிவு வந்து போகும். அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் காலையில் எழுந்திருப்பதில்லை.

டியூட்டி டாக்டர் வயதில் சின்னவர். "இப்பதான பாத்தேன் சிஸ்டர், நல்லாத்தான இருந்தாரு" என்றார். இருந்தார்தான். கண், பேச்சு, கை, நாடி, பி.பி. ஐந்தையும் மணி போட்டு எழுதிய தாளை அவர் முன்னால் நீட்டினேன். படித்தார், எழுந்தார். சி.டி.யில் ரத்தக்கட்டி தெரிந்தது, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் ஏற்றி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம், அன்றிரவே ஆபரேஷன் நடந்தது. சில வாரம் கழித்துத் தலையில் வடுவோடு வந்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு நின்றார். டாக்டரிடம் சிஸ்டருடைய வார்த்தை எடுபடாத இடங்கள் உண்டு. ஆனால் மணி போட்டு எழுதிய எண்களோடு யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை.

சாராய வாடை வந்தால் கதை வேறு மாதிரி போகும். "ஃபுல் தண்ணி, தெளிஞ்சதும் எழுந்திரிப்பான்" என்று ஓரமாக ட்ராலியைத் தள்ளிவிடுவார்கள். குடித்தவருக்கும் தலையில் அடிபடும். சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம் படும். அடிபட்ட அடையாளம் இருந்து நினைவு சரியில்லை என்றால், குடி காரணம் என்பது கடைசியாக வர வேண்டிய முடிவு. முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார், ஆக்சிஜன் பார், சி.டி. எடு.

மருந்து விஷயத்தில் வார்டுக்குள் காலங்காலமாக ஓடிய சில பழக்கங்களை உடைக்கப் பெரும்பாடு பட்டோம். தலைக்காயம் என்றால் டெக்சா ஊசி என்பது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதப்படாத சட்டம். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கை. பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளிடம் ஸ்டீராய்டு கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்த 'கிராஷ்' ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21, கொடுக்காதவர்களில் 18. நல்லது என்று நினைத்துச் செய்தது கெடுதல். ஆய்வு வந்தது ஒரு வருடம், டெக்சா நின்றது வேறு வருடம். நடுவில் எவ்வளவு காலம் ஓடியது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பழைய கேஸ் ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

குளுக்கோஸ் இன்னொன்று. "தெம்பே இல்ல சிஸ்டர், ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்க" என்று உறவினர் கெஞ்சுவார்கள். சர்க்கரை இறங்கியிருந்தால் தவிர, அடிபட்ட மூளைக்கு அந்த ஐந்து சத பாட்டில் ஆகாது. சர்க்கரை உடம்பில் கரைந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர், அது வீங்கிய மூளைக்குள் போகும். நார்மல் சலைன்தான் போட வேண்டும். குளுக்கோஸ் போடாவிட்டால் நாங்கள் கஞ்சத்தனம் பண்ணுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். மானிட்டால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது. குளிரில் அடியில் கற்கண்டு மாதிரி படிந்திருக்கும், வெந்நீரில் வைத்துக் கரைத்து ஆறிய பிறகுதான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் சிறுநீர் கொட்டும், பி.பி. இறங்கப் பார்க்கும்; ஏற்கெனவே பி.பி. இல்லாதவருக்கு அதுவே விஷம். வலிப்பு மருந்து பினைட்டாயினை வேகமாகத் தள்ளினால் இதயம் தடுமாறும். குளுக்கோஸில் கலந்தாலோ திரிந்துவிடும்.

மூக்கிலோ காதிலோ தண்ணீராக ஒழுகினால், கண்ணைச் சுற்றிக் கறுத்தால், காதுக்குப் பின்னால் நீலம் பாரித்தால், மண்டையின் அடித்தளம் உடைந்திருக்கலாம். அவருக்கு மூக்கு வழியாக எந்தக் குழாயும் விடக் கூடாது, வாய் வழியாகத்தான். ஒழுகுகிறதே என்று பஞ்சை அடைக்கவும் கூடாது.

மருந்தே இல்லாத வைத்தியமும் உண்டு. தலைமாட்டை முப்பது டிகிரி உயர்த்து. கழுத்தை நேராக வை. ஒரு பக்கம் சாய்ந்தாலும் காலர் இறுக்கிப் பிடித்தாலும் தலையிலிருந்து ரத்தம் இறங்கி வருவது தடைப்படும், உள்ளே அழுத்தம் ஏறும். காசில்லாத வேலை, ஆளில்லாத வார்டில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். நோயாளி புரண்டு, பிடுங்கி, கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தால், கையைக் கட்டித் தூக்க ஊசி போடுவது சுலபம். ஆனால் போட்ட பிறகு நினைவு குறைவது ஊசியாலா, ரத்தக்கட்டியாலா என்று யார் சொல்வார்கள்? ஆக்சிஜன் சரியா, வலியா, எங்காவது எலும்பு முறிந்திருக்கிறதா, சிறுநீர் முட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிறுநீர் டியூப் அடைத்து அடிவயிறு கல்லாக இருந்த ஒருவர், அடைப்பை எடுத்ததும் குழந்தை மாதிரி அடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

2008 செப்டம்பரில் 108 வந்தது பெரிய மாற்றம். அதற்கு முன்னால் லோடு ஆட்டோவில் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள், வழியில் தெளியட்டும் என்று வாயில் சோடா ஊற்றியிருப்பார்கள்; அது நேரே நுரையீரலுக்குப் போயிருக்கும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து இருக்கும். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்றானது. தூக்கி வருகிறவரைப் போலீசும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஹெல்மெட்டும் 2015 ஜூலையிலிருந்து கட்டாயம். என்றாலும் வண்டி ஓட்டுகிற கணவர் தலையில் ஹெல்மெட், பின்னால் ஒருபக்கமாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த மனைவி தலையில் பூ மட்டும். ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப்போட்டதும் மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபட்ட பெண்கள் வாரம் தவறாமல் வந்தார்கள்.

செவிலியருக்குத் தலைக்காயம் பற்றித் தெரிந்தது போதாது என்று ஆய்வுகள் வருவதுண்டு. கேள்வித்தாள் கொடுத்து மார்க் போடுகிற ஆய்வுகள். முடிவு தப்பில்லை, ஆனால் பழி விழுகிற இடம் தப்பு. பிரசவ வார்டில் பல வருடம் கைதேர்ந்த ஒருத்தியை ஒரே உத்தரவில் விபத்துப் பிரிவுக்குப் போட்டுவிட்டு, அன்று ராத்திரியே தனியாக டியூட்டி பார் என்றால் அவளுக்கு என்ன தெரியும்? நகரத்துக்குக் கூப்பிட்டுக் குளிர்சாதன அறையில் படம் போட்டுக் காட்டிச் சான்றிதழ் கொடுக்கிற பயிற்சியில் எனக்கு நம்பிக்கை குறைவு. புதிதாக வருகிறவளைச் சில நாள் பழகினவள் பக்கத்தில் நிறுத்தி, ஒரே நோயாளியை இரண்டு பேரும் தனித்தனியாக அளந்து ஒப்பிடச் சொன்னால் போதும். அதற்கு இரண்டு பேர் டியூட்டியில் இருக்க வேண்டும். ஆள் போடாமல் அறிவை மட்டும் ஏற்ற முடியாது. மணிக்கு மணி பார்க்க ஆளில்லாத வார்டில், டியூட்டி முடியும்போது ஒரே பேனாவால் ஒரே மாதிரி "15, 15, 15" என்று வரிசையாக நிரம்புகிற தாள் பொய் என்று எல்லாருக்கும் தெரியும். அதைக் கேட்கிற தைரியம்தான் யாருக்கும் இல்லை. கேட்டால் ஆள் கேட்போம் என்று தெரியுமே.

உங்கள் வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டுக் கொண்டுவந்தால் சிஸ்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவர் முன்பு எப்படிப் பேசுவார், காது கேட்குமா, என்ன மொழி, கண்புரை ஆபரேஷன் ஆனதா (ஆன கண்ணின் மணி கோணலாக இருந்து எங்களைக் குழப்பும்), இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறாரா, விழுந்தபோது நினைவு தப்பியதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால், ஒரு நாள் முழுக்க யாராவது கூட இருங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலமில்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வயதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்துத் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மெதுவாகச் சேர்ந்த ரத்தமாக இருக்கலாம், எடுத்துவிட்டால் பெரும்பாலும் எழுந்து நடப்பார்.